கருவின் சிறுத்த நுரையீரலில் கேஐ-67 எதைக் காட்டுகிறது?

முதுநிலை பேத்தாலஜி ஆய்வேட்டுக்காகக் கருக்களின் நுரையீரலில் கேஐ-67 எண்ணிவரும் ஒரு மாணவியின் கேள்வி இது. பிரிவுச் சுழற்சியில் இருக்கும் செல்லின் உட்கருவில் காணப்படும் புரதம் கேஐ-67, ஆன்டிபாடியால் சாயமேற்றி அதைப் பார்க்கிறோம். நுரையீரல் குறைவளர்ச்சியோடு இறந்த கருக்களில் செல் பெருக்கம் குறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தார். சில கருக்களில் குறைவாகத்தான் இருக்கிறது. சிலவற்றிலோ அதே வார வயதுள்ள ஒப்பீட்டுக் கருக்களைவிட அதிகமாகவே இருக்கிறது. படித்த கட்டுரைகளும் ஒத்துப்போகவில்லை. சாயமேற்றியதில் பிழையா, எடுத்துக்கொண்ட கருதுகோளே பிழையா என்று கேட்கிறார்.

சாயத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதல் சிக்கல் கருதுகோளில்தான். நுரையீரல் சிறுத்துப்போவது பல வாரங்களாகச் சேர்ந்த பற்றாக்குறையால். நீங்கள் பார்க்கும் ஸ்லைடோ, கரு இறந்த நேரத்தில் எத்தனை செல்கள் பிரிவுச் சுழற்சியில் இருந்தன என்பதை மட்டுமே காட்டும். பற்றாக்குறை 10-ஆம் வாரத்தில் தொடங்கியிருக்கலாம், கரு 32-ஆம் வாரத்தில் இறந்திருக்கலாம். இடைப்பட்ட 22 வாரங்களில் அந்த நுரையீரலில் என்ன நடந்தது என்பதை ஒரு சதவீதத்திலிருந்து மீட்டெடுக்க முடியாது. வார வயது, காரணம், செல் வகை ஆகிய மூன்றையும் பிரிக்காமல் எல்லாக் கருக்களையும் ஒரே அட்டவணையில் போட்டால் முடிவுகள் முரண்படத்தான் செய்யும். கட்டுரைகள் முரண்படுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது என் கருத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆரோக்கியமான நுரையீரலில் ஒரு தலைமுறையில் 100 செல்கள் 200 ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கப்பட்டதில் 190 ஆகின்றன. வித்தியாசம் 5 சதவீதம்தான். ஆனால் இது வட்டிக்கு வட்டிபோல் கூடிக்கொண்டே போகும். 0.95-ஐப் பத்து முறை பெருக்கினால் 0.6 வருகிறது. பத்துத் தலைமுறையில் 40 சதவீதச் செல்கள் இல்லாமல் போய்விட்டன. உயிர் பிழைக்க முடியாத நுரையீரலுக்கு அது போதும். இப்போது அதே வித்தியாசத்தை ஸ்லைடில் பிடிக்க முடியுமா என்று பாருங்கள். உண்மையான கேஐ-67 குறியீடு, அதாவது சாயம் ஏற்ற செல்களின் பங்கு, 20 சதவீதம் என்றும், நீங்கள் 500 செல்கள் எண்ணுகிறீர்கள் என்றும் கொள்வோம். தற்செயலால் வரும் பிழை மட்டுமே இருபுறமும் சுமார் 3.5 புள்ளி இருக்கும். 16.5-க்கும் 23.5-க்கும் இடையே எந்த எண் வந்தாலும் ஆச்சரியமில்லை. 20-ஐயும் 19-ஐயும் பிரித்தறிய வழியே இல்லை. 2,000 செல்கள் எண்ணினால்கூடப் பிழை ஏறத்தாழ பாதியாகத்தான் குறையும். நுரையீரலின் 40 சதவீதச் செல்களைப் பறிக்கப் போதுமான குறைபாடு, நாள்தோறும் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கலாம். ‘கேஐ-67-இல் வேறுபாடு இல்லை’ என்ற முடிவை ‘பெருக்கம் பாதிக்கப்படவில்லை’ என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

சதவீதத்தில் இன்னொரு மறைப்பும் உண்டு. சிறிய நுரையீரலில் 20 சதவீதம், பெரிய நுரையீரலில் 20 சதவீதம் என்றால் விகிதம் ஒன்று, ஆனால் பிரியும் செல்களின் மொத்த எண்ணிக்கை வேறு. எடையோடு சேர்த்துச் சொல்லாத கேஐ-67 குறியீடு பாதித் தகவல்தான். இரு நுரையீரல்களின் எடையை உடல் எடையால் வகுத்து வரும் விகிதம் 28 வாரத்துக்கு முன் 0.015-க்கும், பின் 0.012-க்கும் கீழே இருந்தால் குறைவளர்ச்சி என்பது விகிள்ஸ்வொர்த்தும் தேசாயும் 1980-களின் தொடக்கத்தில் வகுத்த வரம்பு. இன்றும் பிரேதப் பரிசோதனையில் அதையே நம்பியிருக்கிறோம். நீர்கோத்த, ரத்தம் தேங்கிய, கிருமி தொற்றிய நுரையீரல் செல் குறைந்திருந்தாலும் கனக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதனால்தான் நுரையீரலின் மொத்த டிஎன்ஏவையும் அளந்து, செல்களின் எண்ணிக்கையை நேரடியாக மதிப்பிட்டார்கள். 1960-இல் எமெரியும் மித்தலும் சொன்ன ஆரவழி எண்ணிக்கையையும் விட்டுவிடாதீர்கள். ஒரு சுவாச நுண்குழலின் நடுவிலிருந்து அருகிலுள்ள இணைப்புத்திசுச் சுவருக்குச் செங்குத்தாகக் கோடு இழுத்து, அது வெட்டும் காற்றறைகளை எண்ணும் முறை அது. இன்றைக்குப் பழசாகத் தெரியலாம். ஆனால் செல்கள் பிரிந்ததன் பலனாக என்ன கட்டப்பட்டது என்பதை ஆன்டிபாடியைவிட அந்தக் கோடுதான் நேர்மையாகச் சொல்லும்.

இனி வார வயது. கருவின் நுரையீரல் சுமார் 5 முதல் 17 வாரம் வரை சுரப்பிபோலத் தோன்றும் கட்டத்தில் இருக்கிறது. மூச்சுக்குழல்கள் கிளைத்துக்கொண்டே போகும் காலம் அது. 16-ஆம் வாரத்தை ஒட்டிக் காற்றைக் கடத்தும் குழல்களின் கிளைப்பு முடிந்துவிடுகிறது. பின்னர் 26 வாரம் வரை நுண்குழல் கட்டம், அதன்பின் பைக்கட்டம், கடைசி வாரங்களில் காற்றறைக் கட்டம். இந்தப் பயணத்தில் கேஐ-67 ஒரே அளவில் நிற்பதில்லை. தொடக்கத்தில் மிக உயர்ந்து, வாரங்கள் செல்லச் செல்ல இறங்கிவரும். கிளை நுனிகளில் குவிந்திருந்த பிரிவு மெல்ல அடங்க, செல்கள் தட்டையான முதல் வகையாகவும் சர்ஃபக்டன்ட் (காற்றறைகள் சுருங்கி ஒட்டிவிடாமல் காக்கும் பொருள்) சுரக்கும் இரண்டாம் வகையாகவும் முதிர்கின்றன.

இதனால் என்ன ஆகிறது என்றால், 34-ஆம் வாரத்தில் ஒரு நுரையீரலின் கேஐ-67 எதிர்பார்த்ததைவிட உயர்ந்திருந்தால், அது ‘நன்றாக வளர்கிறது’ என்பதற்கான சான்றாக இருக்க வேண்டியதில்லை. 24-ஆம் வாரத்துத் தோற்றத்திலேயே அது தங்கிவிட்டது என்பதற்கான அடையாளமாகவும் இருக்கலாம். உங்களிடம் உயர்ந்த எண் காட்டிய கருக்களை மறுபடி எடுத்துப் பாருங்கள். குழல்களுக்கு இடையிலுள்ள இடைத்திசு தடித்து, குழல்கள் குறுகி, அவற்றின் உட்பரப்பைப் போர்த்தும் எபிதீலியச் செல்கள் கனசதுரமாகவே நிற்கின்றனவா? பனிக்குட நீர் குறைந்த கருக்களா அவை? இரண்டுக்கும் ஆம் என்றால் உங்கள் ‘முரண்பாட்டில்’ பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

நீர் குறைவைப் பிரித்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. விகிள்ஸ்வொர்த் குழு 1981-இலேயே குறைவளர்ச்சி நுரையீரல்களை இரண்டாகப் பிரித்துக் காட்டியது. சிறுநீரகம் உருவாகாததாலோ நீர்க்குடம் சீக்கிரம் உடைந்ததாலோ பனிக்குட நீர் வற்றிய கருக்களில் நுரையீரல் சிறியதாக இருந்ததோடு முதிர்ச்சியிலும் பின்தங்கியிருந்தது, சர்ஃபக்டன்டின் முக்கியக் கூறான பாஸ்போலிப்பிடும் குறைவு. நீர் குறையாத கருக்களில் நுரையீரல் சிறியதாக இருந்தாலும் வார வயதுக்குரிய முதிர்ச்சியோடு இருந்தது. ஒன்று சிறியதும் இளையதும், மற்றொன்று சிறியது மட்டும். இரண்டுக்கும் கேஐ-67 ஒரே திசையில் மாற வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

உதரவிதானப் பிளவைத் தனியாகப் பேச வேண்டும். ஏறத்தாழ 2,500 முதல் 3,000 பிறப்புகளுக்கு ஒன்றில் வரும் இந்தக் குறைபாட்டில் குடலும் சில சமயம் கல்லீரலும் மார்புக்குள் ஏறிவிடுகின்றன. கிளைப்பு நடந்துகொண்டிருக்கும் காலத்திலேயே நுரையீரல் பாதிக்கப்படுகிறது. 1971-இல் கிடகாவா, ஹிஸ்லாப், பாய்டன், ரீட் ஆகியோர் இப்படிப்பட்ட நுரையீரலை அளந்து, மூச்சுக்குழலின் கிளைப்பு அடுக்குகளே குறைந்திருப்பதைக் காட்டினார்கள். பிளவுள்ள பக்கத்தில் கடுமையாக, எதிர்ப்பக்கத்திலும் ஓரளவு. 16 வாரத்துக்குள் கிளைக்காத குழல் பிறகு கிளைக்காது. 35-ஆம் வாரத்தில் அந்தக் கருவின் ஸ்லைடில் கேஐ-67 இயல்பாக இருந்தால் அதில் வியப்பென்ன? இழப்பு நடந்தபோது நீங்கள் அங்கே இல்லை.

அப்படியானால் இழப்பு நடக்கும்போதே பார்க்க விலங்கு மாதிரிகள்தான் வழி. நைட்ரோஃபென் என்ற களைக்கொல்லியைச் சினை எலிக்கு 9-ஆம் நாளை ஒட்டி 100 மில்லிகிராம் கொடுத்தால், 22 நாள் கர்ப்பத்தின் முடிவில் குட்டிகளில் பலவற்றுக்கு உதரவிதானப் பிளவும், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் சிறுத்த நுரையீரலும் வருகின்றன. (2002-இல் ஜெர்மனியில் இயற்கை வேளாண் தீவனத்தில் கலந்து பெரும் கொந்தளிப்பை உண்டாக்கிய அதே நைட்ரோஃபென்தான்.) பிளவு இல்லாத குட்டிகளிலும் நுரையீரல் சிறுத்திருக்கிறது. உதரவிதானம் மூட வேண்டிய நேரத்துக்கு முன்பே கிளைப்பு குறைந்துவிடுகிறது. இதை வைத்து 2000-இல் கெய்சர் குழு ‘இரட்டை அடி’ என்ற கருத்தை முன்வைத்தது. முதல் அடி குடல் ஏறுவதற்கு முன்பே இரு நுரையீரல்களிலும் விழுகிறது, இரண்டாம் அடி குடல் ஏறி நெருக்கும் பக்கத்தில் விழுகிறது. அதற்காக இயந்திர நெருக்கத்தை ஒதுக்கிவிட முடியாது. 1967-இலேயே டி லோரிமியர், ஆட்டுக்கருவின் உதரவிதானத்தை அறுவைசிகிச்சையால் திறந்து, எந்த ரசாயனமும் இல்லாமல் சிறுத்த நுரையீரலை உண்டாக்கிக் காட்டியிருக்கிறார். நெருக்கம் மட்டுமே போதும், நெருக்கம் இல்லாமலும் நேரும். மனிதக் கருவில் இரண்டும் எந்த விகிதத்தில் சேர்கின்றன என்பது கருவுக்குக் கரு மாறும் என்று எடுத்துக்கொள்வதே சரி.

முதல் அடியின் மூலக்கூறுப் பாதையில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ச் சேரும் இடம் வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினாயிக் அமிலம் உருவாகும் வழி. நைட்ரோஃபென் அதன் நொதியைத் தடுக்கிறது. அடுத்தது எஃப்ஜிஎஃப்-10. இடைத்திசு சுரக்கும் இந்த வளர்ச்சிக் காரணி எபிதீலிய நுனியைக் கிளைக்கவும் பெருகவும் தூண்டுகிறது. அது இல்லாத சுண்டெலிக் கருவில் மூச்சுப் பெருங்குழல் உருவாகிறது, அதற்குக் கீழே நுரையீரலே இல்லை. 1990-களின் இறுதியில் இந்த முடிவு வெளிவந்தபோது, நுரையீரலின் அளவு என்பது இரண்டு திசுக்களுக்கு இடையிலான உரையாடலைச் சார்ந்தது என்பது மறுக்க முடியாததாயிற்று. இதனால்தான் எபிதீலியத்தையும் இடைத்திசுவையும் சேர்த்து எண்ணிய ஒற்றைச் சதவீதத்தை நான் ஏற்பதில்லை. எபிதீலியத்தில் பெருக்கம் குறைந்து இடைத்திசுவில் கூடியிருந்தால், கூட்டிப் பார்க்கும்போது ஒன்றும் நடக்காததுபோல் தெரியும்.

ரத்தக்குழாய்ச் சுவர் அதைவிட முக்கியம். உதரவிதானப் பிளவோடு பிறக்கும் குழந்தைகளை இழப்பதில் நுரையீரல் உயர் ரத்த அழுத்தம் பெரும்பங்கு வகிக்கிறது. குழாய்கள் எண்ணிக்கையில் குறைவு, சுவரில் தசை அதிகம், தசை இருக்கக் கூடாத நுண்ணிய குழாய்கள்வரை அது பரவியிருக்கிறது. அந்தத் தசைச் செல்களில் கேஐ-67 ஒளிர்ந்தால் அது கெட்ட செய்தி. எபிதீலிய நுனியில் ஒளிரும் அதே பழுப்புப் புள்ளி நல்ல செய்தியாக இருக்கக்கூடும். எந்தச் செல்லின் உட்கரு என்று தெரியாமல் புள்ளிகளை எண்ணுவதில் பொருளில்லை.

செல் பெருக்கத்தைக் காட்டும் மார்க்கர்களைப் பற்றி இப்போது. கேஐ-67-ஐ 1983-இல் ஜெர்மனியின் கீல் நகரில் கெர்டஸ் குழு கண்டுபிடித்தது. செல் பிரிவுச் சுழற்சியின் ஜி-1, எஸ், ஜி-2, எம் ஆகிய எல்லாக் கட்டங்களிலும் அதை வைத்திருக்கும், ஓய்வுநிலையான ஜி-0-வில் இழந்துவிடும் என்பதுதான் பாடநூல் விளக்கம். 1990-களின் தொடக்கத்தில் எம்ஐபி-1 ஆன்டிபாடி வந்த பிறகுதான் பாராஃபின் பிளாக்குகளில், அதாவது மெழுகில் பதித்த திசுவில், இதைப் பார்க்க முடிந்தது. பாடநூல் விளக்கத்தை 2018-இல் வந்த ஓர் ஆய்வு திருத்தியது. ஓய்வுக்குப் போன செல்லில் இந்தப் புரதம் ஒரேயடியாக மறைவதில்லை, நேரம் செல்லச் செல்லத் தேய்கிறது. ஆகவே ‘உண்டு, இல்லை’ என்ற கோட்டை எந்த நிற அடர்த்தியில் போடுகிறீர்கள் என்பது உங்கள் சதவீதத்தை மாற்றும். எண்ணத் தொடங்குமுன் அந்தக் கோட்டை எழுதிவைத்து, இரண்டாவது ஒருவரையும் அதே கோட்டில் எண்ணச் சொல்லுங்கள். இன்னொரு செய்தியும் எனக்கு மிகப் பிடிக்கும். செல் பிரிகையின்போது குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் கேஐ-67 அவற்றின் மேற்பரப்பில் சர்ஃபக்டன்ட் போலச் செயல்படுகிறது என்று 2016-இல் காட்டினார்கள். நுரையீரல் படிப்பவர்களுக்கு இதைக் கேட்கையில் ஒரு மகிழ்ச்சி வரும்.

பெருக்கத்தைக் காட்டும் இன்னொரு புரதமான பிசிஎன்ஏவைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், தலைமைப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். மூன்று மூலக்கூறுகள் வளையமாகி டிஎன்ஏவைச் சுற்றிக்கொண்டு, படியெடுக்கும் நொதியை நழுவாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. டிஎன்ஏவைப் பழுதுபார்க்கும்போதும் அது தேவைப்படுகிறது. அரை ஆயுள் ஏறத்தாழ 20 மணி நேரம் என்பதால் பிரிவை முடித்துக்கொண்ட செல்லிலும் தங்கியிருக்கும். ஃபார்மலினில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதற்கேற்ப அதன் சாயம் பெரிதும் மாறும். பழைய கட்டுரைகளில் பிசிஎன்ஏ 60, 70 சதவீதம் என்றும் அதே திசுவில் கேஐ-67 மிகக் குறைவு என்றும் பார்த்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் அளப்பது ஒன்றல்ல. பிரிவை மட்டும் துல்லியமாகப் பார்க்க பாஸ்போஹிஸ்டோன் எச்-3 என்ற மார்க்கர் நல்லது. புள்ளிகள் குறைவாக வரும், ஆனால் வருபவை ஐயத்துக்கு இடமில்லாதவை. விலங்குகளில் செலுத்தும் பிஆர்டியூ போன்ற பொருள்கள் டிஎன்ஏ படியெடுக்கும் கட்டத்தை மட்டும் பிடிக்கும், அதனால் எலி ஆய்வின் எண்ணை உங்கள் எண்ணோடு நேராக ஒப்பிட வேண்டாம்.

வளர்ச்சியும் முதிர்ச்சியும் ஒன்றல்ல என்பதை நமக்கு உறுதியாகக் கற்றுத்தந்தது மூச்சுப் பெருங்குழலை அடைக்கும் சிகிச்சையின் வரலாறு. உங்கள் ஆய்வேட்டின் விவாதப் பகுதிக்கு இதுதான் முதுகெலும்பாக இருக்க வேண்டும் என்பேன். கருவின் நுரையீரல் உள்ளே திரவத்தைச் சுரந்துகொண்டே இருக்கிறது. குரல்வளை அதை வெளியே விடாமல் ஓரளவு தடுப்பதால் நுரையீரல் சற்று விரிந்த நிலையில் நிற்கிறது. அந்த இழுவிசையே செல்களைப் பிரியத் தூண்டுகிறது. கருவின் மூச்சசைவுகளும் அதற்குத் துணை. பனிக்குட நீர் வற்றினால், மூச்சசைவு இல்லாவிட்டால், மார்புக்கூடு குறுகினால் நுரையீரல் ஏன் சிறுக்கிறது என்பதற்கு இதில் பெரிய பகுதி விளக்கம் இருக்கிறது. 1977-இல் ஆல்கார்ன் குழு ஆட்டுக்கருக்களில் இரண்டையும் செய்து பார்த்தது. மூச்சுப் பெருங்குழலைக் கட்டிவிட்ட கருக்களில் நுரையீரல் பெருத்தது, சுவர்கள் மெலிந்தன, ஆனால் இரண்டாம் வகைச் செல்கள் குறைந்தன. திரவத்தை வடித்துவிட்ட கருக்களில் நுரையீரல் சிறுத்தது, சுவர் தடித்தது, இரண்டாம் வகைச் செல்கள் மிகுந்திருந்தன.

இந்த ஒரு சோதனைக்குள்ளேயே பின்னர் வந்த எல்லாச் சிக்கலும் அடங்கியிருந்தது. 1990-களில் அடைத்தால் நுரையீரல் வளரும் என்ற நம்பிக்கையோடு மனிதக் கருவுக்கு அது வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஹாரிசன் குழு நடத்தி 2003-இல் வெளியிட்ட 24 பேர் கொண்ட ஆய்வில் அடைத்த குழுவில் 73 சதவீதமும் அடைக்காத குழுவில் 77 சதவீதமும் பிழைத்தார்கள். பயன் தெரியவில்லை. பெல்ஜியத்தின் லூவனில் டெப்ரெஸ்ட் குழுவினர் எண்டாஸ்கோப்பி வழியாகச் சிறு பலூனை வைத்து, பிறப்புக்கு முன்பே எடுத்துவிடும் முறையை வளர்த்தெடுத்தார்கள். முன்பே எடுப்பதற்குக் காரணம் ஆல்கார்ன் கண்ட அதே உண்மைதான். பிறப்பு வரை அடைத்தே வைத்திருந்தால் நுரையீரல் பெரிதாகும், ஆனால் சர்ஃபக்டன்ட் சுரக்கும் செல்கள் நீண்டு தட்டையான முதல் வகையாக மாறிப்போகும். அடைப்பை நீக்கினால் அவை ஓரளவு மீள்கின்றன. 2021-இல் வெளியான ஆய்வில், கடுமையான பாதிப்புள்ள கருக்களில் 27 முதல் 29 வாரத்தில் பலூன் வைத்து 34-ஆம் வாரத்தில் எடுத்தார்கள். மருத்துவமனையிலிருந்து உயிரோடு வீடு சென்றவர்கள் 40 சதவீதம், பலூன் வைக்காதவர்களில் 15 சதவீதம். மிதமான பாதிப்புள்ளவர்களில் 63-க்கு 50, அந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை. விலையும் சிறிதல்ல. கடுமையான குழுவில் பலூன் வைத்தவர்களில் 75 சதவீதத்தினருக்குக் குறைமாதப் பிரசவம், மற்றவர்களில் 29 சதவீதம். பலூனை எடுக்க முடியாமலும், எடுக்கும்போது நஞ்சுக்கொடி கிழிந்தும் உயிரிழப்பு நேர்ந்தது.

கேஐ-67-ஐ மட்டும் வைத்து இந்தச் சிகிச்சையை மதிப்பிட்டிருந்தால் பிறப்பு வரை அடைத்து வைப்பதே சிறந்தது என்று தவறாக முடிவு செய்திருப்போம். பெருக்கம் கூடும்போதே சர்ஃபக்டன்ட் குறைகிறது என்பதை அந்த மார்க்கர் சொல்லியிருக்காது. எனவே உங்கள் பேனலில், அதாவது நீங்கள் போடும் சாயங்களின் தொகுப்பில், பெருக்கத்தோடு முதிர்ச்சிக்கும் ஒன்றாவது இருக்க வேண்டும். நுரையீரல் எபிதீலியத்தின் அடையாளத்துக்கு டிடிஎஃப்-1 போதும், நுரையீரல் புற்றுநோய்க்காக எல்லா ஆய்வகத்திலும் அது இருக்கும். இரண்டாம் வகைச் செல்லுக்கு சர்ஃபக்டன்ட் புரதம் பி அல்லது சி. நுனியிலுள்ள முன்னோடிச் செல்லுக்கு எஸ்ஓஎக்ஸ்-9. செல் இறப்புக்கு வெட்டுண்ட காஸ்பேஸ்-3, ஏனெனில் நுரையீரல் சிறுப்பது பிறப்பு குறைந்ததாலா இறப்பு கூடியதாலா என்பதைக் கேஐ-67 பிரித்துச் சொல்லாது. எல்லாவற்றுக்கும் நிதி இருக்காது. ஒன்றுதான் முடியும் என்றால் கேஐ-67-ஐ, எபிதீலியத்தை அடையாளம் காட்டும் சைட்டோகெரட்டினோடு இரட்டைச் சாயமாகப் போடுங்கள். ஒன்று செல்லின் உட்கருவில், மற்றது சைட்டோபிளாசத்தில் என்பதால் நிறங்கள் மோதாது, எபிதீலியமும் இடைத்திசுவும் தெளிவாகப் பிரியும். கேஐ-67-ஐயும் டிடிஎஃப்-1-ஐயும் ஒரே ஸ்லைடில் போட்டால் இரண்டும் உட்கருவிலேயே விழுந்து கண்ணை ஏமாற்றும்.

இப்போது சாயப் பிழை. வயிற்றிலேயே இறந்து நாள்கணக்கில் தங்கிப்போன கருவில் திசு அழியத் தொடங்கியிருக்கும். அங்கே கேஐ-67 எதிர்மறையாக வந்தால் அது உயிரியல் உண்மையல்ல, ஆன்டிஜென் போய்விட்டது என்பதே. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அதே கருவின் சிறுகுடலையும் கூடவே சாயமேற்றுவது. குடற்சுவரின் குழிகளிலுள்ள கிரிப்ட் செல்கள் எப்போதும் பிரிந்துகொண்டிருப்பவை. அவையும் எதிர்மறை என்றால் அந்தக் கருவை எண்ணிக்கையிலிருந்து நீக்குங்கள். உங்களிடம் ‘குறைவு’ காட்டிய கருக்களில் எத்தனை இந்தச் சோதனையில் தேறுகின்றன என்று பார்த்த பிறகே மேலே போங்கள். பிறந்து சில நாள் வென்டிலேட்டரில் இருந்த குழந்தைகளையும் தனியே வையுங்கள். ஆக்சிஜனால் காயமுற்ற நுரையீரலில் இரண்டாம் வகைச் செல்கள் பழுதுபார்க்கப் பெருகும், அந்த உயர்வு கருப்பையில் நடந்த வளர்ச்சி அல்ல. தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அது முதிர்ச்சியை முடுக்கிப் பெருக்கத்தை அடக்கும். நீர்க்குடம் உடைந்து தொற்று ஏற்பட்ட கருக்களில் அழற்சிச் செல்களே கேஐ-67 நேர்மறையாக இருந்து இடைத்திசு எண்ணைக் கூட்டிவிடும்.

எண்ணும் இடத்தையும் மாற்றுங்கள். கட்டிகளில் செய்வதுபோல் அதிகம் ஒளிரும் பகுதியைத் தேடி எண்ணும் பழக்கம் இங்கே கெடுதல். ஒவ்வொரு மடலிலிருந்தும் ஒரு பிளாக், அதில் முன்கூட்டியே வகுத்த கட்டத்தில் விழும் புலங்கள், அவற்றில் விழுந்தது எதுவோ அதுவே கணக்கு. புள்ளியியலில் ஒரு கருவின் பத்துப் புலங்களைப் பத்துத் தனி மாதிரிகளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதிரி என்பது கரு. 12 கருக்கள் இருந்தால் உங்கள் எண் 12. எண்ணிக்கை சிறியதுதான். நேர்மையாகப் பிரித்த 12, கலந்துபோட்ட 60-ஐவிட மதிப்பானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. இந்தத் திசுவை நமக்கு அனுமதித்த பெற்றோருக்கு ஓர் அறிக்கை போகும். கேஐ-67 சதவீதத்தை அதில் எழுத வேண்டாம், அதிலிருந்து அவர்களுக்கு ஒரு பதிலும் கிடைக்காது. அடுத்த கர்ப்பத்திலும் இப்படி ஆகுமா என்பதுதான் அவர்கள் கேட்பது. அதற்கான விடை காரணத்தில் இருக்கிறது. வேறு குறையில்லாத உதரவிதானப் பிளவு என்றால் மறுபடி வரும் வாய்ப்பு சுமார் 2 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. ஒடுங்குமரபு வகைச் சிறுநீரகக் கட்டி நோயால் நீர் வற்றியிருந்தால் 25 சதவீதம். இரு சிறுநீரகமும் உருவாகாத கரு என்றால் பெற்றோர் இருவருக்கும் சிறுநீரக ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், அறிகுறியே இல்லாமல் ஒரே சிறுநீரகத்தோடு வாழ்பவராக அவர்களில் ஒருவர் இருக்கலாம். எனவே நுரையீரல் பிளாக்கோடு நின்றுவிடாமல் சிறுநீரகம், உதரவிதானம், எலும்பு எக்ஸ்ரே, மரபணுச் சோதனைக்கான திசு எல்லாம் எடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொரு கருவின் கோப்பையும் திறந்து சரிபாருங்கள். எடுக்கப்படாமல் விட்டவை ஏதேனும் இருந்து, பிளாக்கில் திசு மீதமிருந்தால், அடுத்த கேஐ-67 ஸ்லைடு வெட்டுவதற்கு முன் டிஎன்ஏவுக்கான பகுதியை ஒதுக்கிவிடுங்கள்.